அரசின்மை படித்த ஆண்டில் நான் போட்ட பட்டியல்

ஒரு தாளில் எட்டுப் பெயர்களையும் எட்டு வீட்டு எண்களையும் எழுதினேன். அதனால் ஒரு குடும்பம் பத்து நாளில் வீட்டைக் காலி செய்தது. அந்த வீட்டின் மூத்த பெண் அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்திருந்து சொல்லும் திறமை எனக்கு இல்லை.

அந்த மாதங்களில் நான் அனார்க்கிசம் என்கிற அரசின்மைத் தத்துவம் படிக்கத் தொடங்கியிருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

என் மகள் பிறந்து ஒன்றரை வருடம் வரை எனக்கு மனதில் எந்த உணர்வும் தோன்றவில்லை. சோகம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. குழந்தைக்குப் பசித்தால் ஊட்டினேன், அழுதால் தூக்கினேன், தடுப்பூசித் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். செய்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று மறுபடி பார்த்தேன். கேஸ் குமிழை அணைத்துவிட்டு வந்து, பாதி வழியில் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மூன்று மணிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

கல்லூரியில் எனக்கு மூத்தவளான ஒரு தோழி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனிலேயே ஒரு வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைச் சேரச் சொன்னாள். மறுக்க வேண்டுமென்றால் ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அதைவிடச் சேர்ந்துவிடுவது எளிதாக இருந்தது. அந்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அரசின்மை. பதினொரு பேர். பெரும்பாலும் யாரும் முகம் காட்டமாட்டோம். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு மெல்லிய அறிமுகப் புத்தகத்தின் நகலை அனுப்பிவைத்தார்கள். பக்கங்கள் சற்றுச் சாய்வாக ஒளிநகல் ஆகியிருந்தன. தமிழாக்கம் கடினமாக இருந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று தோழியிடம் கேட்டேன்.

"எங்க வேணும்னாலும் ஆரம்பி. இதுக்கெல்லாம் சிலபஸ் கிடையாது" என்றாள்.

அந்தப் பதில் என்னை இரண்டு நாள் படுத்தியது. தேர்வுக்குப் படித்தே வளர்ந்தவள் நான். எம்.ஏ., பி.எட்., அதன் பிறகு ஒரு வருடம் பள்ளி ஆசிரியை. தவறான இடத்தில் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, முதல் பக்கத்தின் அச்சக விவரத்திலிருந்து வாசித்தேன்.

என் கணவர் மேசைமேல் கிடந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னது, அராஜகமா? அதுக்குப் புத்தகம் வேறயா? உன் பொண்ணுகிட்ட கேட்டா அவளே சொல்லிக் குடுப்பா" என்றார். அப்போது அவள் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிச்சச் சோற்றைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழப்பம், கல்லெறிதல், கொளுத்துதல். புத்தகத்தில் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. அதில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு கேள்விதான். ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவிடும்போது, அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று உத்தரவிடுகிறவர்தான் விளக்க வேண்டும், கீழ்ப்படியாதவர் விளக்க வேண்டியதில்லை. விளக்க முடியாத அதிகாரம் போக வேண்டும். மனிதர்கள் மேலிருந்து யாரும் சொல்லாமலே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள், உலகத்தில் பாதி அப்படித்தான் நடக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ அவர்கள்தான் அதை எடுக்க வேண்டும். நல்ல நோக்கத்துக்காகத் தவறான வழியில் போனால் கடைசியில் கிடைப்பது அந்தத் தவறான வழிதான்.

இவற்றை நோட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். எழுதும்போது லேசாக ஏதோ அசைந்தது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் படிக்க நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிளாக்கில், சுரங்க நிறுவனம் ஊழியர்களுக்கு ஒதுக்கும் குவார்ட்டர்ஸ்கள் இரண்டு வரிசையாக முதுகோடு முதுகாக நிற்கின்றன. நடுவில் ஒரு சந்து. எல்லா வீட்டுப் பின்வாசலும் அந்தச் சந்தில்தான் திறக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி வெளியே கிடக்கிறதோ, அந்த வீட்டில் குழந்தையை விடலாம். நாற்காலி உள்ளே போய்விட்டால் விடக்கூடாது. கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதில்லை. கணவனுக்கு நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற வீட்டில் நாற்காலி வெளியே வராது. ரேஷனுக்குப் போகிறவள், தலைக்குக் குளிக்கிறவள், தலைவலிக்கிறவள், எல்லோரும் சந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை அனுப்புவார்கள். யார் இதைத் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே இருந்தது.

சந்துக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த அக்காவின் நாற்காலி மட்டும் எப்போதும் வெளியே கிடந்தது. அவர் கணவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் வேலை. இரண்டு பெண்கள், இருவரும் டவுன்ஷிப் பள்ளியில், நடந்து போகிற தூரத்தில். அந்தக் குவார்ட்டர்ஸ் உண்மையில் வேறொரு பெர்மனென்ட் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் வடலூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டு, இவர்களைக் குடிவைத்திருந்தார். விதிப்படி அப்படி வைக்கக்கூடாது. இது சந்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். எனக்கும் தெரியும். தெரியாது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு என் மகள் அந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். நாலு வரை அங்கேதான். முதலில் அந்த இரண்டு மணி நேரமும் நான் தூங்கினேன். பிறகு அரசின்மை படித்தேன்.

வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் அன்றாட வாழ்க்கையில் யாருடைய உத்தரவும் இல்லாமல் நடக்கும் ஒரு காரியத்தைக் கவனித்து எழுதி வாருங்கள். நான் நாற்காலிகளைப் பற்றி எழுதினேன். வீட்டுப்பாடம் என்றால் எனக்கு நன்றாக வரும். அடுத்த வாரம் வாசித்தபோது எல்லோரும் மைக்கைத் திறந்து பேசினார்கள். இவ்வளவு நாள் தேடியது உங்கள் வீட்டுப் பின்வாசலில் இருக்கிறதே என்றார் ஒருவர். எனக்குக் காது சூடானது. ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ என்னைப் பாராட்டினார்கள்.

கடைசியில் ஒரு பெண் கேட்டாள். "அந்த அக்கா மட்டும் தினமும் பாத்துக்கறாங்கன்னு சொன்னீங்க இல்ல. அது அவங்களுக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா? இல்ல, பெர்மனென்ட்காரங்க வீட்டுப் பிள்ளைங்கள கான்ட்ராக்ட்காரர் மனைவி சும்மா வளர்க்கறாங்களா?"

நியாயமான கேள்வி. இப்போதும் அதில் தவறு காண முடியவில்லை. நான் ஒரு மனுஷியைச் சுரண்டிக்கொண்டு, அந்த நேரத்தில் சுரண்டலைப் பற்றிப் படிக்கிறேனா? சரி செய்ய வேண்டும் என்று பட்டது. சரி செய்வது எப்படி என்று புத்தகத்தில் தேடினேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தலைவர் இல்லாமல், ஒவ்வொருவரும் பேசி, ஒருமித்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது.

முதலில் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா மீட்டிங்கு? புள்ளைங்க வருது, போவுது" என்றார் அவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் முதுகில் சாய்ந்து நின்றாள்.

"எல்லாருமே பேசணும்க்கா. உங்களுக்கும் கஷ்டம் இருக்கும் இல்ல?"

"கஷ்டம் இல்லாம யார் வூட்ல இருக்குது? சரி கூப்புடு, வரேன்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் என்னோடு சேர்த்து எட்டுப் பெண்கள் கூடினோம். சுண்டலும் டீயும் வைத்திருந்தேன். மூலை வீட்டு மேடம் கடைசியாக வந்தார். அவருக்கு நாற்பதுக்கு மேல், தாமதமாகப் பிறந்த ஒரே பையன் யு.கே.ஜி. பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். சந்தில் என்னை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியதும் அவரால்தான்.

"சுண்டல் எல்லாம் பலமா இருக்கே. என்ன டீச்சர், ரெண்டாவதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லங்க மேடம். சும்மா பேசலாம்னுதான். வட்டமா உக்காரலாமா?"

"வட்டமாவா? நர்சரி பிள்ளைங்க மாதிரியா?"

"இதுல தலைவர்னு யாரும் கிடையாதுங்க. எல்லாரும் மனசுல இருக்கறதச் சொல்லணும்."

"மனசுல இருக்கறதா? எங்க வீட்டுக்காரரப் பத்தின்னா விடிஞ்சிடும் டீச்சர்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மறுபடி சிரிப்பு. நோட்டில் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு நான் பேசினேன். அக்கா வீட்டில்தான் பிள்ளைகள் தினமும் இருக்கிறார்கள், நாம் அவர்மேல் பாரத்தைப் போடுகிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது, இதைப் பற்றி எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள்.

சிரிப்பு நின்றது. சுண்டல் கிண்ணங்களைப் பார்த்தார்கள்.

"இன்னா பாரம்? ரெண்டு கழுதைங்கள வளத்தாச்சி, இதுங்க இன்னா பண்ணிடும்?" என்றார் அக்கா.

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "அப்ப நாங்க யாரும் பாக்கறதே இல்லன்னு சொல்றீங்களா டீச்சர்? போன மாசம் உங்க பொண்ணுக்கு வயித்தால போச்சே, யார் கழுவி விட்டது?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

"எங்க வீட்டு நாற்காலி உள்ள இருக்குன்னா அவருக்கு நைட் ஷிப்ட்டு. அத ஒரு குத்தமா எழுதி வச்சிருக்கீங்க போல" என்றாள் இன்னொருத்தி. என் மடியில் இருந்த நோட்டை அவள் பார்த்துவிட்டாள். அதை மூடினேன். மூடியது இன்னும் மோசமாக இருந்தது.

மேடம்தான் கைதட்டி நிறுத்தினார். "விடுங்கப்பா. டீச்சர் சொல்றதும் கரெக்ட்டுதான். ஒண்ணு பண்ணலாம், ஷிப்ட் போட்டுடலாம். ஆளுக்கு ஒரு நாள். சண்டையே இல்ல."

"வீட்டுக்குள்ளயும் ஷிப்ட்டா?"

"எனக்கு மட்டும் நைட் வேணாம்பா, பஞ்ச் அடிக்க முடியாது."

சிரிப்பு திரும்பி வந்தது. ஷிப்ட் என்றதும் எல்லோருக்கும் நிம்மதியானது போலிருந்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான். பட்டியலை யார் போடுவது என்று கேள்வி வந்தது.

"டீச்சர்தான். கையெழுத்து அழகா இருக்கும். இன்னையிலேருந்து டீச்சர்தான் இன்சார்ஜ்" என்றார் மேடம்.

தலைவர் இல்லாத கூட்டத்தைக் கூட்டிய நான் முக்கால் மணி நேரத்தில் இன்சார்ஜ் ஆனேன். மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது.

எல்லோரும் போன பிறகு அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "டீச்சரம்மா, எம் பேர மட்டும் எழுதாத. நான் எப்பவும் போல பாத்துக்கினு இருக்கேன். எழுதறது கிழுதறது வேணாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடக்கத்தால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு, படித்ததும் குறுக்கே வந்தது. பெண்களின் உழைப்பு கணக்கில் வராமல் மறைக்கப்படுகிறது என்று ஒரு அத்தியாயம் முழுக்க இருந்தது. இவர் பெயரை விட்டால் நானும் மறைத்தவள் ஆவேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தாளில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, பெயர், வீட்டு எண். அவர் பெயரை முதலில் எழுதினேன், திங்கட்கிழமைக்கு. வீட்டு எண்ணைத் தெளிவாக எழுதினேன். தப்பு வந்துவிடக்கூடாது என்று சந்தில் இறங்கிப் போய் எல்லாக் கதவுகளிலும் எண்ணைச் சரிபார்த்தேன்.

அந்தத் தாளைப் படம் எடுத்து, எங்கள் எட்டுப் பேருக்கும் தனியாக இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் அதை பிளாக் குழுவுக்கு அனுப்பினார். 'எங்க லேன் லேடீஸ் முயற்சி. பாராட்டு டீச்சருக்கே' என்று எழுதி, கைகூப்பும் படம் மூன்று. அந்தக் குழுவில் ஏறக்குறைய பிளாக் முழுவதும் இருந்தது. கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் பூங்கொத்து போட்டார். நாலாவதோ ஐந்தாவதோ பதிலாக ஒருவர் கேட்டிருந்தார். 'முதல் நம்பர் நம்ம செக்‌ஷன் சாரோட குவார்ட்டர்ஸ் ஆச்சே? இவங்க யாரு?'

அவ்வளவுதான். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. மேடம் கால் மணி நேரத்தில் படத்தை அழித்துவிட்டார். யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டரைக்கு வடலூரிலிருந்து அந்த ஊழியர் ஸ்கூட்டரில் வந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுப் பின்வாசலில் நின்று பேசினார். குரலை உயர்த்தவில்லை. அவருக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. அவர் பக்கமும் புரியத்தான் செய்தது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். அக்கா நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அன்று பட்டியல்படி அவர் முறை.

எந்த அதிகாரியும் வரவில்லை. ஒரு கடிதமும் வரவில்லை. யாராவது கேட்கலாம் என்பதே போதுமாக இருந்தது.

மூலை வீட்டுக்குப் போனேன். மேடம் கண் கலங்கினார். "பெருமையா இருக்கேன்னுதான் போட்டேன் டீச்சர், சத்தியமா." கொஞ்சம் பொறுத்து, "நம்பர் நீங்கதானே எழுதினீங்க" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் சாப்பிடும்போது சொன்னேன்.

"அவங்க உள்வாடகைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அவர் அதைப் பிசைந்தார். "மோர் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கொடுத்தேன்.

பத்து நாளில் காடாம்புலியூர்ப் பக்கம் உறவினர் வீட்டை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று நான் உதவப் போனேன். செய்வதற்கு அதிகம் இல்லை, ஒரு மினி வேனில் எல்லாம் அடங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க நான்கைந்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார்.

"இந்தா, ஒம் பொண்ணு ஜட்டி ரெண்டு இங்க கெடந்துச்சி. கிளிப்பு ஒண்ணு. டம்ளரு உந்துதானான்னு பாத்துக்க."

"அக்கா, நான்..."

"சோறு ஊட்டறப்ப முன்னாடியே தண்ணி குடுத்துடாத. அப்பறம் துன்னமாட்டா. பாதி துன்னதும் குடு." அவர் வேனைப் பார்த்துக் கத்தினார், "ஏங்க, பீரோவப் படுக்க வக்காதீங்க, கதவு வந்துடும்."

என் மகளைப் பற்றிய அந்த விஷயம் எனக்குத் தெரியாது. அன்று மதியம் பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தேன். அழுகை வரவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன்.

பட்டியல் ஒன்பது நாள் நடந்தது. தன் முறை வந்தபோது ஒருத்திக்கு விருந்தாளி வந்தார்கள், இன்னொருத்தி ஊருக்குப் போனாள். முறை என்று ஆன பிறகு, முறை இல்லாத நாளில் யாரும் நாற்காலி போடவில்லை. போட்டால் தன் பங்குக்கு மேல் செய்கிறோம் என்று ஆகிவிடும். பிறகு எவருமே போடவில்லை. என்னோடு யாரும் சண்டை போடவுமில்லை. கோலம் போடும்போது "சாப்டீங்களா டீச்சர்?" என்பார்கள். சாப்பிட்டேன் என்பேன்.

வாசிப்பு வட்டத்தில் நாற்காலிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். தோழி, "இது உன் தப்பு இல்ல. வீடு ஒதுக்கற முறையே அப்படி" என்றாள். ஒருவர், பெயரையும் எண்ணையும் எழுதி வைப்பதுதான் எல்லா அரசுகளும் முதலில் செய்கிற வேலை, எழுதப்படாதவரைதான் எளிய மனிதர்களுக்குப் பாதுகாப்பு என்றார். ஒருமித்த முடிவு என்பது ஒரு ஆள் வேண்டாம் என்றால் நிற்க வேண்டும் என்பதுதான், நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்றார் இன்னொருவர். அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகப் பேசினார்கள். எல்லாமே உண்மை. நான் குறிப்பெடுத்தேன். எடுத்துக்கொண்டிருந்தபோதே, அக்கா வாசலில் நின்று சொன்ன ஒரு வரியில் இது முழுக்க இருந்தது என்று தெரிந்தது. அவர் புத்தகம் எதுவும் படிக்காமல் சொன்னார். நான் படித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அந்த ஞாயிறுக்குப் பிறகும் வட்டத்தை விடவில்லை. விட்டால் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்காவின் மூத்த பெண்ணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை மாற்ற முடியாது. காடாம்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். இங்கே இருந்தபோது எட்டே முக்காலுக்குக் கிளம்புவாள். நான் ஒரு திட்டம் போட்டேன். பொதுத்தேர்வு முடியும்வரை வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்கட்டும். கணவரிடம் கேட்டேன். "அவங்க சரின்னா சரி" என்றார். பின்னறையைக் காலி செய்து கட்டில் போட்டேன். புது விரிப்பு வாங்கினேன். படிக்க ஒரு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெளிச்சம் போதுமா என்று உட்கார்ந்து பார்த்தேன்.

நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மகளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸில் ஏறினேன். காடாம்புலியூரில் இறங்கி, கடைத்தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா கூரைச் சாய்ப்பில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டின் எண்ணெய் படாமலிருக்கக் கைகளில் சாம்பல் பூசியிருந்தார். அப்படியும் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. என் மகள் கையை உதறிக்கொண்டு அவரை நோக்கி ஓடினாள். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார்.

"தொடாத, தொடாத கண்ணு. எண்ண பட்டா தோலு வெந்துடும். அப்பிடியே நில்லு." அவள் நின்றாள். ஒரு முழத் தூரத்தில், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"எளச்சிட்டாளே. துன்றாளா?"

"சாப்பிடறாக்கா. நீங்க சொன்ன மாதிரிதான் தண்ணி குடுக்கறேன்."

"ஒக்காரு. இன்னா இவ்ளோ தூரம்?"

சொன்னேன். அறை, கட்டில், மேசை, தேர்வுவரைக்கும் மட்டும், ஆங்கிலம் நானே சொல்லித் தருவேன், பஸ் அலைச்சல் இருக்காது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கொட்டை உடைப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் இன்னும் இரண்டு உடைத்தார்.

"வேணாம்மா."

"ஏன்க்கா? அவளுக்கு நல்லதுதானே?"

"வேணாம்."

"எங்க வீட்டுல அவரும் சரின்னுட்டார். உங்களுக்கு ஒரு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "வேணாம்னா வேணாம்தான். அதுக்குக் காரணம் வேற சொல்லணுமா ஒனக்கு?"

"இல்லக்கா. வேணாம்" என்றேன்.

டீ போடச் சொல்லி உள்ளே சின்னவளுக்குக் குரல் கொடுத்தார். குடித்தோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஐந்தரைக்கு மேல் மூத்த பெண் வந்தாள். பையை நனையாமல் துப்பட்டாவுக்குள் அணைத்திருந்தாள், தலை முழுக்க நனைந்திருந்தது. "வாங்க ஆன்ட்டி" என்றாள். என் மகளின் கன்னத்தை ஈரக்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள். தலையைத் துவட்டிக்கொண்டே புத்தகத்தை எடுத்துப் பிரிப்பது கதவு வழியாகத் தெரிந்தது. அவளிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அவள் வாய்விட்டுச் சரி என்று சொல்லிவிட்டால் அக்காவால் மறுக்க முடியாமல் போகலாம். அப்படிச் செய்ய எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் என்னிடம் பலரும் அப்படித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தேன். கணவர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க."

"நல்லா எடுத்துச் சொன்னியா?"

"ஒரு தடவ சொன்னேன்."

"இன்னொரு தடவ போய்ப் பேசிப் பாரேன். அந்தப் பொண்ணு படிப்பு கெட்டுடப் போவுது."

"கெட்டாலும் கெடலாம்" என்றேன். "அவங்க வேணாம்னு சொன்னாங்க."

மேசையின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை நான். ஜன்னலோரத்திலிருந்து தூக்கிப் பழைய இடத்தில் வைத்தோம்.